பக்கத்துத் தோட்டத்துச் சேவலுக்கு வக்கீல் நோட்டீஸா?

கேள்வி: இருபது வருடம் நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருந்துவிட்டு, எட்டு மாதத்துக்கு முன் நானும் கணவரும் ஒரு கிராமத்து ஓரத்தில் வீடு வாங்கி வந்தோம். அமைதி வேண்டும் என்றுதான் வந்தோம். பக்கத்துத் தோட்டக்காரர் வயதானவர். மாடு, கோழி வைத்திருக்கிறார். அவருடைய சேவல்கள், நான்கு இருக்கும் என்று நினைக்கிறேன், இரவு இரண்டு மணிக்கே கூவ ஆரம்பிக்கின்றன. நாலரைக்கு மோட்டார் போடுகிறார். எங்கள் படுக்கையறைச் சுவரே அதிர்கிறது. எருக்குழி எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. போதாததற்கு அவர் வீட்டுப் பிள்ளைகளும் வேலைக்கு வருகிறவர்களும் எங்கள் மனையின் ஓரமாகவே நடந்து சாலைக்குப் போகிறார்கள். கேட்டால், ‘எப்பவும் போற வழிதானே’ என்கிறார்கள்.

ஆரம்பத்தில் நல்லவராகத்தான் இருந்தார். நாங்கள் குடிவந்த வாரம் தண்ணீர்க் குழாய் உடைந்தபோது, அவரே வந்து அரை நாள் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார். சும்மா வேலை வாங்க மனமில்லாமல் பணம் கொடுத்தோம். வேண்டாம் என்றார், வற்புறுத்திக் கையில் திணித்துத்தான் அனுப்பினோம். பிறகு சத்தம் பொறுக்க முடியாமல், ஊர்க்காரர்கள் இருக்கும் வாட்ஸ்ஆப் குழுவில், பெயர் சொல்லாமல் நாகரிகமாகவே ஒரு பதிவு போட்டேன். அன்றிலிருந்து பேச்சே இல்லை. பாதுகாப்புக்காக முன்னாலும் பின்னாலும் இரவு முழுக்க ஃபோகஸ் லைட் எரிய விடுகிறோம். அதற்கும் யாரிடமோ குறை சொன்னாராம். என் கணவர் இப்போது கோபத்தில், மோட்டார் ஓடும் நேரம் பார்த்து ஸ்பீக்கரை அவர் வீட்டுப் பக்கம் திருப்பி வைக்கிறார். வழியைக் கேட் போட்டுப் பூட்டலாமா? சேவல்களை விலைக்கு வாங்கிவிடலாமா? வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசியில் கேட்ட மூன்றுக்கும் முதலில் பதில். கேட்டைப் பூட்ட வேண்டாம். சேவலை வாங்கிப் பயனில்லை. நோட்டீஸ் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் கேட்காத நான்காவது ஒன்றும் இருக்கிறது: ஸ்பீக்கர். அதை இன்றைக்கே எடுத்து உள்ளே வையுங்கள்.

ஸ்பீக்கரில் தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் சட்டப்படி மிகப் பலவீனமான இடம் அதுதான். 1893இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரே பொதுச்சுவர். ஒரு வீட்டில் சங்கீத வகுப்பு. பியானோ, வயலின், பாட்டு என்று நாள் முழுக்கச் சத்தம். அடுத்த வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. வகுப்பு நடக்கும்போதெல்லாம் சுவரில் தட்டுவது, தட்டுகளை அடிப்பது, விசில் ஊதுவது என்று பதிலுக்குப் பதில் கொடுத்தார். கிறிஸ்டி எதிர் டேவி என்று அந்த வழக்குக்குப் பெயர். நீதிமன்றம் தடை போட்டது சங்கீத வகுப்புக்கு இல்லை, தட்டை அடித்தவருக்கு. சத்தம் இரண்டு பக்கமும் இருந்தது. ஆனால் ஒரு பக்கம் பிழைப்புக்காக எழுந்த சத்தம், மறுபக்கம் வேண்டுமென்றே எழுப்பிய சத்தம். உங்கள் கணவரின் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் சேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது நோட்டீஸ். உங்களுக்கு வழக்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிராமத்துக்கு வந்தால் எல்லாவற்றையும் சகித்துத்தான் ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. 1610இலேயே வில்லியம் ஆல்ட்ரெட் என்பவர், தன் வீட்டை ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரர் பன்றித் தொழுவம் கட்டியதால் நாற்றம் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டார். பன்றி வாசனையைக்கூடத் தாங்காத அளவுக்கு ஒருவருடைய மூக்கு மென்மையாக இருக்கக் கூடாது என்று எதிர்த்தரப்பில் வாதிட்டார்கள். ரசித்துச் சிரிக்கலாம், ஆனால் அந்த வாதம் எடுபடவில்லை, ஆல்ட்ரெட் ஜெயித்தார். ‘நான் முதலில் இருந்தேன், நீ பின்னால் வந்தாய்’ என்பதும் எப்போதும் செல்லாது. 1879இல் ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மேன் என்ற வழக்கில், இருபது வருடத்துக்கு மேல் உரலும் உலக்கையுமாக மிட்டாய்த் தொழில் செய்துவந்தவருக்கு எதிராக, பிற்பாடு தோட்டத்தின் கோடியில் ஆலோசனை அறை கட்டிக்கொண்ட மருத்துவர் வென்றார்.

ஆனால் அதே தீர்ப்பில்தான் இன்னொன்றும் சொன்னார்கள். லண்டனின் பணக்காரப் பகுதியான பெல்கிரேவ் சதுக்கத்தில் தொல்லையாக இருப்பது, தோல் பதனிடும் பெர்மாண்ட்ஸியில் தொல்லையாக இருக்க வேண்டியதில்லை என்று. அதாவது எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு நேரம், அந்த இடத்தில் வழக்கமாக என்ன நடக்கும் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். விவசாய பூமியில் சேவல் கூவுவது அந்த இடத்துக்கு உரியது. ஃபிரான்ஸில் ஒலெரோன் தீவில், விடுமுறை வீட்டுக்கு வந்து போகும் ஒரு தம்பதி, மொரீஸ் என்ற சேவல்மேல் வழக்கே போட்டார்கள். 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: சேவல் கூவலாம், வழக்குப் போட்டவர்கள் சேவலின் உரிமையாளருக்கு 1,000 யூரோ கொடுக்க வேண்டும். 2021 ஜனவரியில் அந்த நாட்டு நாடாளுமன்றம் கிராமத்துச் சத்தத்தையும் வாசனையையும் பாதுகாக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

ஆக, சேவலில் தோற்பீர்கள். மோட்டார் அதிர்விலும் எருக்குழியிலும் ஓரளவு ஜெயிக்கலாம், சில வருடம் கழித்து. அந்தச் சில வருடமும் அவர் அங்கேதான் இருப்பார், நீங்களும் அங்கேதான் இருப்பீர்கள். நான் பல வருடம் நீதிமன்றத்தில் வாதாடிவிட்டு, பேசித் தீர்க்கும் சமரச வேலைக்கு மாறியவன். பக்கத்து வீட்டு வழக்கில் ஜெயித்துவிட்டு வீட்டை விற்றுக்கொண்டு போனவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட இடத்துக்கு வருகிறேன். சேவலையும் மோட்டாரையும்விட என்னை நிறுத்தியது அந்தத் தண்ணீர்க் குழாய்தான்.

1980களில் ராபர்ட் எல்லிக்சன் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கலிஃபோர்னியாவில் ஷாஸ்டா என்ற மாவட்டத்துக்குப் போய், மாடு வளர்க்கிறவர்களிடமும் அவர்களுடைய அண்டை அயலாரிடமும் பேசினார். மாடு வேலி தாண்டிப் போய்ப் பயிரை மேய்ந்தால் சட்டப்படி யார் நஷ்டஈடு தர வேண்டும் என்பது அங்கே இடத்துக்கு இடம் மாறும். சட்டம் மாறினால் மக்கள் நடந்துகொள்ளும் விதமும் மாறுகிறதா என்று பார்க்கத்தான் அவர் போனது. பார்த்தால், பெரும்பாலானவர்களுக்குச் சட்டமே சரியாகத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் அதைப் பொருட்படுத்தவில்லை. எல்லாரும் மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். போன மாதம் உன் மாடு என் நிலத்துக்குள் வந்தது, நான் பிடித்துக் கட்டி வைத்துத் தகவல் சொன்னேன். இந்த மாதம் என் வேலி சாய்ந்தது, நீ வந்து கை கொடுத்தாய். வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக இருக்கும்வரை சின்னத் தொல்லைகளை யாரும் பெரிதுபண்ணுவதில்லை. கணக்கு ஒரேயடியாகச் சாய்ந்தால் முதலில் நேரில் சொல்வார்கள், பிறகு ஊரில் பேசுவார்கள். வழக்கு என்பது மிக மிக அரிது.

அதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: இந்தக் கணக்கைப் பணத்தால் தீர்ப்பதை அவர்கள் விரும்பவில்லை. அக்கம்பக்கத்தில் செய்த உதவிக்குக் காசு நீட்டுவது நல்ல அண்டை வீட்டார் செய்கிற காரியமாக அங்கே தெரியவில்லை. உதவிக்கு உதவிதான்.

இப்போது உங்கள் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் அரை நாள் செலவழித்து உங்களிடம் ஒரு கணக்குத் தொடங்கினார். நீங்கள் அன்றைக்கே அதைத் தீர்த்து மூடிவிட்டீர்கள். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எனக்குத் தெரியும். அடுக்குமாடியில் அதுதான் முறை. அங்கே யாருக்கும் கடன்படாமல் இருப்பதுதான் கௌரவம்; பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாமல் இருப்பதுதான் மரியாதை. ஆனால் அவருக்கு என்ன கேட்டிருக்கும்? ‘உனக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை, நீ கூலி ஆள், நான் கூலி கொடுத்துவிட்டேன்.’ அதற்கு அடுத்து அவர் உங்களிடமிருந்து கேள்விப்பட்டது வாட்ஸ்ஆப் பதிவு. பெயர் போடவில்லை என்கிறீர்கள். அந்தக் குழுவில் நாலரை மணிக்கு மோட்டார் போடுகிற, சேவல் வளர்க்கிற, உங்கள் பக்கத்தில் இருக்கிற ஆள் எத்தனை பேர்? அவரிடம் ஒரு வார்த்தை நேரில் சொல்வதற்கு முன்னால் ஊருக்கே சொல்லியாகிவிட்டது. ஷாஸ்டாக்காரர்கள் இரண்டாவதாகச் செய்கிற காரியத்தை நீங்கள் முதலாவதாகச் செய்துவிட்டீர்கள்.

இப்படிச் சொல்வதால் தப்பெல்லாம் உங்கள் மேல்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கணக்கு முறைக்கு ஒரு மோசமான பக்கமும் உண்டு. புதிதாக வந்தவருக்கு அதில் இருப்பு எதுவும் கிடையாது. பழைய ஆட்கள் சிலர் அதைத் தெரிந்துகொண்டே ஏறி மிதிப்பார்கள். உங்கள் அண்டை வீட்டுக்காரர் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. குழாயைச் சரிசெய்ய வந்த ஆள் அவர். தூக்கம் கெடுவதும் சின்ன விஷயமில்லை. இரவில் வீட்டுக்கு வெளியே சராசரிச் சத்தம் 40 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது. தூக்கத்தை அந்த அளவுக்கு முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, நகரத்தில் இதைவிடப் பெரிய சத்தத்தில் தூங்கியிருப்பீர்கள். இங்கே மட்டும் ஏன் முடியவில்லை என்று உங்களுக்கே குழப்பமாக இருக்கலாம். நகரத்தில் ஒரு சத்தத்தை இன்னொரு சத்தம் மூடிவிடும்; போக்குவரத்து இரைச்சல் போர்வை மாதிரி கிடக்கும். கிராமத்தில் இரவில் அந்தப் போர்வை கிடையாது, ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக எழுந்து நிற்கும். அதோடு, மேகம் இல்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று கொஞ்சம் சூடாகவும் இருந்தால், மேலே போக வேண்டிய ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் வரும். பகலில் காதில் விழாத மோட்டார் விடியற்காலையில் பக்கத்து அறையில் ஓடுவதுபோலக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் காது கெட்டுவிடவில்லை. அவர் வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டவும் இல்லை.

இனி சேவல். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் ஒன்றைக் காட்டினார்கள்: வெளிச்சம் மாறாத அறையில் வைத்தாலும் சேவல் தன் உடலுக்குள் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்து, விடியப்போகிற நேரம் என்று தானே கணக்குப் போட்டுக் கூவும். விடிவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே ஆரம்பித்துவிடும். அதே குழு 2015இல் இன்னொன்றையும் கண்டது. கூட்டத்தில் அதிகாரம் அதிகமுள்ள சேவல்தான் முதலில் கூவும். மற்றவை தகுதி வரிசைப்படி பின்னால் கூவும். பெரிய சேவலை அப்புறப்படுத்தினால் அடுத்த இடத்தில் இருப்பது முதலில் கூவ ஆரம்பிக்கும். அதனால்தான் வாங்குவதில் பயனில்லை என்றேன். நான்கையும் வாங்குவேன் என்றால், அடுத்த மாதம் அவர் வீட்டில் ஐந்து சேவல் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

விடியலுக்கு இரண்டு மணி நேரம் முன்பு என்றால் நாலு மணி வாக்கில் ஆரம்பிக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் இரண்டு மணிக்கே ஆரம்பிக்கிறது. ஏன்? அந்த 2013 ஆய்விலேயே ஒரு குறிப்பு இருக்கிறது: திடீர் வெளிச்சமும் அடுத்த சேவலின் குரலும்கூடச் சேவலைக் கூவ வைக்கும். கார் ஹெட்லைட் பட்டால் சேவல் கூவுவதைக் கிராமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உங்கள் பின்பக்கத்து ஃபோகஸ் லைட் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது? கோழிக்கூண்டு எந்தப் பக்கம்? லைட்தான் காரணம் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அவர் அந்த லைட்டைப் பற்றி யாரிடமோ குறைபட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் ஏன் குறைபட்டார் என்று கேட்டீர்களா? நகரத்தில் வெளிச்சம் என்றால் பாதுகாப்பு. இருட்டிலேயே வாழ்ந்து பழகியவருக்கு அது, கேட்காமல் தன் வீட்டுக்குள் நீட்டிய கை. மாடும் இரவில் ஓய்வெடுக்க வேண்டும். லைட்டைத் தரையைப் பார்த்துத் திருப்பி, ஆள் வந்தால் மட்டும் எரிகிற மோஷன் சென்சார் போட்டுவிடுங்கள். பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது. எப்போதும் எரிகிற விளக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திடீரென்று எரிகிற விளக்கைத்தான் பார்ப்பார்கள்.

கூண்டைப் பற்றி அவரிடம் கேட்கக்கூடியதும் உண்டு. உள்ளே வெளிச்சம் புகாதபடி இரவில் கூண்டை மூடினால் (காற்று போக இடம் விட்டுத்தான்) கூவுவது ஓரளவு தள்ளிப்போகும், சத்தமும் மட்டுப்படும். இடம் மாற்ற முடிந்தால், திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. காதுக்குப் பாதியாகத் தெரிய 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே கூண்டை நாலடி நகர்த்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். அதில் ஒன்றும் ஆகாது.

மோட்டார் விஷயத்தில் ‘சுவர் அதிர்கிறது’ என்று நீங்கள் எழுதியது முக்கியம். காற்றில் வருகிற சத்தம் சுவரை அதிரவைப்பது குறைவு. அதிர்வு பெரும்பாலும் தரை வழியாகவோ குழாய் வழியாகவோதான் வரும். மோட்டார் ஓடும்போது எழுந்து போய் முதலில் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள், பிறகு எல்லைச்சுவரில், பிறகு எல்லைச்சுவரைத் தொட்டுக்கொண்டு போகிற குழாய் ஏதாவது இருந்தால் அதில். எங்கே அதிகமாகத் துடிக்கிறதோ அங்கேதான் வழி. பல இடங்களில் நான் பார்த்தது: மோட்டாரின் அடிக்கட்டை நேரே சிமெண்டில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும், நடுவில் ரப்பரே இருக்காது. அல்லது பேரிங் தேய்ந்திருக்கும். கீழே கனமான ரப்பர் பட்டை, குழாய் இணைப்பில் ஒரு நெகிழ்வான துண்டு, இரண்டும் பெரிய செலவு இல்லை. அதிர்வு குறைந்தால் அவருடைய மோட்டாரும் கூடுதல் நாள் உழைக்கும். ‘உங்கள் மோட்டார் என் தூக்கத்தைக் கெடுக்கிறது’ என்று போவதற்கும், ‘மோட்டார் ரொம்ப ஆடுற மாதிரி இருக்கு, பேரிங் போயிருக்குமோ?’ என்று போவதற்கும் வித்தியாசம் உண்டு. நாலரை மணிக்கு ஏன் போடுகிறார் என்றும் கேளுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் பாய்ச்சினால் தண்ணீர் ஆவியாகி வீணாவது குறையும். அதற்காகவும் இருக்கலாம், மின்சாரம் அப்போதுதான் சீராக இருக்கிறது என்பதற்காகவும் இருக்கலாம். காரணம் தெரியாமல் ‘ஆறு மணிக்குப் போடுங்கள்’ என்று சொன்னால், விவசாயம் தெரியாத ஆள் என்ற முத்திரைதான் விழும்.

எருக்குழியை அகற்றச் சொல்லாதீர்கள், அது அவருக்கு உரம். மூடச் சொல்லுங்கள். ஈரச் சாணம் காற்றில்லாமல் அழுகினால்தான் நாற்றம் அதிகம். காய்ந்த இலையோ வைக்கோலோ மேலே ஒரு அடுக்குப் போட்டு, அவ்வப்போது கிளறிவிட்டால் பெரும்பகுதி அடங்கிவிடும், எருவும் நன்றாக மக்கும். ஈக்கு ஒரு கணக்கு இருக்கிறது: வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் தவறாமல் மூடுவது என்று வைத்துக்கொண்டால்தான் பலன். உங்கள் மரத்து இலைச்சருகை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எரிக்கிறீர்கள் என்றால் நிறுத்திவிட்டு அவருக்குக் கொடுங்கள்.

அந்த வழிக்குக் கேட் போடும் யோசனையை நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் நல்லெண்ணம் மட்டும் இல்லை. ஒரு வழியைத் தடையில்லாமல் நீண்ட காலம் பயன்படுத்திவந்தவர்களுக்கு அதில் உரிமை பிறக்கும் என்பதைப் பல நாட்டுச் சட்டங்கள் ஏற்கின்றன. இங்கிலாந்தின் 1832ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தியாவின் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்திலும் அந்தக் காலம் 20 ஆண்டுகள். ‘எப்பவும் போற வழிதானே’ என்பது வெறும் சாக்காக இருக்கலாம், பலமான வாதமாகவும் இருக்கலாம். உங்கள் பத்திரத்தையும் நில வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். வழி அதில் காட்டப்பட்டிருக்கிறதா, விற்றவர் ஏதாவது சொன்னாரா என்று பாருங்கள். அதுவரை பூட்டு வேண்டாம். ஒருநாள் காலை அந்த வழியில் போகிற பிள்ளைகளை நிறுத்திப் பெயர் கேளுங்கள். எட்டு மாதத்தில் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

எப்படிப் பேச ஆரம்பிப்பது? வாட்ஸ்ஆப்பில் அல்ல, கணவர் கோபமாக இருக்கும் நாளிலும் அல்ல. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரமோ, கன்று கட்டுகிற நேரமோ வேண்டாம். வேலை முடிந்து அவர் வெளியே உட்கார்ந்திருக்கும் சாயங்காலம் போங்கள். நீங்கள் இருவரும் போனால் நல்லது. நான்கு புகாரையும் ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள், பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒரு முறை ஒருவர் தேதி, நேரம் எல்லாம் குறித்த நோட்டுப் புத்தகத்தோடு வந்து, ஒவ்வொரு நாளாகப் படித்தார். எதிர்த் தரப்பு ஆள் பத்தாவது நாளில் எழுந்து வெளியே போய்விட்டார். அவரைத் திரும்ப உட்கார வைக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படலாம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

முதலில் வாட்ஸ்ஆப் பதிவுக்கு வருத்தம் சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல்: ‘ஐயா, உங்ககிட்ட நேர்ல வந்து சொல்லாம ஊருக்கு முன்னாடி போட்டது தப்புதாங்க.’ அதற்கு அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் சூடாகவே சொல்லலாம். ‘ஆனாலும் உங்க மோட்டார்...’ என்று உடனே ஆரம்பித்தால் வருத்தம் சொன்னது வீண். அன்றைக்கு மோட்டாரைப் பற்றிப் பேச்சே எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வாரம் போகட்டும்.

இவ்வளவும் செய்தும் மாதங்கள் ஓடி ஒன்றும் மாறவில்லை என்றால், அப்போது ஊரில் அவர் மதிக்கிற ஒரு பெரியவரை நடுவில் வையுங்கள். உங்களுக்கு வேண்டியவர் அல்ல, அவர் மதிக்கிறவர். அதுவும் ஆகவில்லை என்றால் முறையான சமரசம், கடைசியாக நோட்டீஸ். அன்றைக்கு மோட்டார் அதிர்வு, எருக்குழி இரண்டை மட்டும் கேளுங்கள். சேவல் என்ற சொல் அந்தக் காகிதத்தில் வரக் கூடாது.

அந்த முதல் சாயங்காலம் வெறுங்கையோடு போவதற்குத் தயக்கமாக இருந்தால், எதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். ஒரு உதவி கேட்டுக்கொண்டு போங்கள். நீங்கள் மூடிய கணக்கைத் திறக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. ‘பின்னாடி லைட்டை இறக்கி மாட்டப் போறோம்ங்க, உங்க மாட்டுக் கண்ணுல படாத மாதிரி இருக்கணும். இருட்டினதும் உங்க கூண்டுப் பக்கம் நின்னு பார்த்துச் சொல்றீங்களா?’ என்று கேளுங்கள். உங்கள் கணவர் ஏணியில் நின்று லைட்டைத் திருப்பட்டும். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ‘இன்னும் கொஞ்சம் கீழ... இன்னும் கொஞ்சம்’ என்று அவர் குரல் வரும்வரை திருப்பட்டும். முடிந்ததும் பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.